படகுக்குள் தண்ணீர் ஊற்றிய தேசப்பன்

படகுக்குள் ஏறிய தண்ணீரை வெளியே இறைத்துக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரையில் கிடக்கும் படகுக்குள் ஆற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுகிற மனிதனை 1934ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவன் பெயர் தேசப்பன். அடையாற்றங்கரையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு கிளப்பில் அவன் படகுக்காரன், நான் கணக்கெழுதும் ரைட்டர். கிளப்பின் பெயரைச் சொல்லமாட்டேன். என் மூலமாக அதற்கு ஒரு பெருமையும் சேரவேண்டாம்.

"என்னப்பா தேசப்பா, புத்தி கித்தி பிசகிப்போச்சா?" என்று கேட்டேன்.

"உள்ள ஊத்தினாத்தான் ரைட்டரய்யா வெளிய எங்க ஒழுவுதுன்னு தெரியும். ஆத்துல போட்டுப் பாத்தா எந்தப் பக்கமும் தண்ணியாத்தான் கீது, எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரு கண்டா? சும்மா நின்னுக்கினு இருக்காம இந்தச் சாக்கட்டிய புடி. நான் சொல்ற எடத்துல கோடு போடு."

அவன் பிறந்த மீனவக் குப்பத்து ஆட்கள் கவர்னரே வந்தாலும் இப்படித்தான் பேசுவார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கட்டியை வாங்கினேன்.

அந்தப் படகுக்கு நோரா என்று பெயர். கிளப்பை ஆரம்பித்த துரை ஒருவரின் பெண்சாதி பெயராம். பதினாலு அடி நீளம். தேக்குப் பலகைகளை ஒன்றின் விளிம்பின்மேல் இன்னொன்று ஏறும்படி அடுக்கி, செம்பு ஆணி அடித்து, உள்ளே விலா எலும்புபோல் வளைத்த சட்டங்களோடு இறுக்கிய சின்னப் பாய்ப்படகு. கிளப்பில் இருந்த ஒரே பாய்ப்படகும் அதுதான். போன ஐப்பசியில் ஒரு துரையும் துரைசானியும் அதில் பாய் விரித்துப் போய், கணுக்கால்வரை தண்ணீரோடு திரும்பி வந்தார்கள். துரைசானியின் புதுச் செருப்பு பாழாய்ப்போயிற்று. உடனே கமிட்டி கூடிவிட்டது. ஜனவரிப் பந்தயத்துக்குள் நோராவுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். சரிசெய்ய முடிந்தால் செய்வது, முடியாவிட்டால் மேற்கொண்டு என்ன என்று யோசிப்பது. துடுப்புப் படகுகளுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். நோரா போனால் தேசப்பனும் போகவேண்டியதுதான் என்பது எழுதாத தீர்மானம். எழுதிய தீர்மானத்தை எழுதியவன் நான். அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டியவனும் நான்தான்.

"கண்டுபுடிச்சுர்றேன். எனக்குத் தெரியாத மரமா?" என்றான்.

தேசப்பன் ஊரூர் குப்பத்தில் பிறந்தவன். இருபத்து மூன்றாம் வயதில் ஓர் அலை அவனைக் கட்டுமரத்தோடு தூக்கிக் கரையில் அடித்தது. வலது தோள் கழன்றது. வைத்தியன் மாட்டிவிட்ட மாட்டில், அந்தக் கை அதற்கப்புறம் தோளுக்குமேல் எழும்பவே இல்லை. துடுப்புப் போட முடியாதவனுக்குக் குப்பத்தில் என்ன மரியாதை இருக்கும்? மூன்று வருஷம் கிழிந்த வலை பொத்திக்கொண்டு கிடந்தான். அவன் மனைவி கெங்கம்மா தினமும் மீன்கூடையைச் சுமந்துகொண்டு பாலம் தாண்டிச் சாந்தோம் வரை நடந்து, விற்று, அரிசியோடு திரும்புவாள். அவள் போடும் சோற்றைத் தின்பது தொண்டையில் முள் மாட்டியதுபோல் இருந்தது என்று என்னிடம் ஒரு தரம் சொல்லியிருக்கிறான். பிறகு 1917இல் கிளப்பில் வேலை கிடைத்தது. பாய்க் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்க அவன் கையே போதும். முதல் மாதமே கெங்கம்மாவின் கூடையை இறக்கிவைக்கச் சொல்லிவிட்டான். குப்பத்தில் அவனுக்குத் 'தேசப்ப துரை' என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவனுக்கோ உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று.

நோராவை அவன் பார்த்துக்கொண்டதை நான் ஒன்பது வருஷம் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு முறை பழைய வெள்ளைப் பூச்சைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுப் பூச்சு. கைப்பிடிகளுக்கு எண்ணெய். செருப்புக் காலோடு யாரும் ஏறக்கூடாது. ஒரு ஜட்ஜு துரையையே "செருப்ப கழட்டு" என்று அதட்டினான். அதை இங்கிலீஷில் கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சொல்லி அவன் வேலையைக் காப்பாற்றியவன் அடியேன்.

இப்போது நோராவை இரண்டு மரக்கட்டைகளின்மேல் தூக்கி வைத்து, பாதிவரை தண்ணீர் நிரப்பிவிட்டு, நாங்கள் இருவரும் அடியில் மல்லாந்து படுத்தோம். எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கும், அதில் தாரையாகக் கொட்டும் என்று நான் நினைத்தேன். அப்படி ஒன்றும் கொட்டவில்லை. ஒரு பலகை இன்னொன்றின்மேல் ஏறும் இடத்தில், ஆணிக்குப் பக்கத்தில், ஒரு துளி முளைத்தது. நான் கோடு போட்டேன். பக்கத்து ஆணியில் இன்னொரு துளி. அதற்கும் கோடு. அரை மணி நேரத்தில் படகின் அடிவயிறு முழுக்க வியர்த்துவிட்டது. என் கையிலிருந்த சாக்கட்டி தேய்ந்து விரல் பலகையில் உரசியது.

"இது என்னப்பா, அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் முகம் அப்படி ஆகிவிட்டது.

ஆனால் அவன் விடவில்லை. மறுநாள் தண்ணீரை இறைத்துவிட்டு, மீன் அறுக்கும் கத்தியால் பலகைகளைக் குத்திப் பார்த்தான். மரம் உளுத்திருந்தால் கத்தி இறங்கும். தலைமாட்டிலிருந்து கடைசிவரை, முழம் முழமாகக் குத்திக்கொண்டு போனான். எங்கும் இறங்கவில்லை. நடுவில் ஏற்றி இறக்கும் பலகை ஒன்று உண்டு, காற்றில் படகு பக்கவாட்டில் நகராமலிருக்க. அது உட்காரும் பெட்டிதான் வழக்கமாக ஒழுகும் என்று அதையும் குடைந்து பார்த்தான். பெட்டியும் சரியாகவே இருந்தது. அடிக்கட்டையைச் சுத்தியால் தட்டினான். கணீரென்று சத்தம் வந்தது.

"பாத்தியா! இரும்பு மாதிரி கீது ரைட்டரய்யா. நோவே இல்லாத ஒடம்பு," என்று என்னைப் பிடித்து உலுக்கினான். "இன்னாமோ சின்ன விஷயம்தான். தாரு வெச்சு அடைச்சா சரியாப்பூடும்."

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கோடு போட்ட இடத்திலெல்லாம் பஞ்சும் தாரும் வைத்து அடைத்தோம். மூன்று நாள் கழித்து ஆற்றில் இறக்கினோம். ஆள் ஏறாமல் சும்மா நின்றபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. தேசப்பன் ஏறி, பாயை விரித்து, எல்பின்ஸ்டன் பாலம்வரை போய்த் திரும்பினான். திரும்பும்போது படகு கனத்துத் தாழ்ந்து வந்தது. முழங்கால்வரை தண்ணீரில் அவன் உட்கார்ந்திருந்தான். கரைக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். மரம் நன்றாக இருக்கிறது, படகு நன்றாக இல்லை, இது எப்படி என்று என்னைக் கேட்டான். கமிட்டி மினிட்ஸ் எழுதுகிறவனைப் போய்க் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

செக்ரட்டரி துரை ராயபுரத்திலிருந்து ஒரு கப்பல் மேஸ்திரியை வரவழைத்தார். இனாயத் மேஸ்திரி. ஒல்லியான மனுஷர், வெற்றிலைக்கும் பேச்சுக்கும் ஒரே வாய் என்பதால் பேச்சைக் குறைத்தவர். தேசப்பன் கத்தியை எடுத்து வந்து மரம் எவ்வளவு உறுதி என்று குத்திக் காட்டினான். இனாயத் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மரத்த அப்பால பாக்கலாம் நைனா. பாய்மரத்த நட்டு, அத்த புடிச்சு அப்படியும் இப்படியும் ஆட்டு," என்றார்.

தேசப்பன் ஆட்டினான். இனாயத் படகுக்குள் குனிந்து, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பாய்மரம் ஆடும்போதெல்லாம் ஒரு பலகை இன்னொன்றின்மேல் மெல்ல வழுக்கிப் போய்த் திரும்பியது. மயிரிழை அளவுதான். ஆனால் விரலுக்குத் தெரிந்தது.

பிறகு அவர் உளியை எடுத்து, உள்ளே வளைந்து நின்ற சட்டங்களில், அடிப்பக்கத்திலிருந்து மேலே வளையும் இடத்தில், வெள்ளைப் பூச்சைச் சுரண்டினார். பதினேழு வருஷத்துப் பூச்சு. தோல் தோலாக வந்தது. கீழே சட்டம் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பக்கத்துச் சட்டத்தைச் சுரண்டினார். அதுவும் அப்படித்தான். மொத்தம் இருபத்திரண்டு சட்டங்களில் பதினைந்து ஒரே வரிசையில் ஒடிந்திருந்தன. தேசப்பன் வருஷா வருஷம் பூசிய பூச்சுதான் அவற்றை ஒட்டி வைத்திருந்தது.

"மரத்துக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் அம்பது வருஷம் கெடக்கும். மரத்த மரத்தோட புடிச்சு வெச்ச புடி போச்சு," என்றார் இனாயத். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "கரையிலேர்ந்து எறக்கினா எத்தினி நாளு பலக ஊறி உப்பினாப்புறம் ஒழுகறது நிக்கும்?"

"மொதல்ல எல்லாம் காலைல போட்டா சாயங்காலம் நின்னுடும். அப்பால ரெண்டு நாளாச்சு. போன வருஷம் ஒரு வாரம். வயசாயிடிச்சில்ல, சோம்பல் படுது," என்று தேசப்பன் செல்லமாகச் சொன்னான்.

"வெய்யக் காலத்துல எங்க வெப்ப?"

இந்தக் கேள்விக்காகவே பதினேழு வருஷம் காத்திருந்தவன்போல் அவன் முகம் மலர்ந்தது. "பங்குனி கடைசில ஆறு வத்திடும் மேஸ்திரி. உடனே கரைக்கு ஏத்தி மணல்ல கவுத்துடுவேன். நெழலே படக்கூடாது. அந்தாண்ட நெழல் வந்தா இந்தாண்ட நவுத்துவேன். வாரத்துக்கு ஒரு தபா பொரட்டிப் போட்டு உள்பக்கமும் காயவிடுவேன். நாலு மாசம். நல்லா கலகலன்னு காஞ்சப்புறம்தான் வுடுவேன். எங்க அப்பன் கட்டுமரத்தக்கூட இப்படி காயவெச்சது இல்ல."

நடந்தது இதுதான். குப்பத்தில் கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, மணலில் வெயிலில் போடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், அலையில் எழும்பாது, ஆளை வாங்கிவிடும். காய்ந்த மரம்தான் உயிரோடு இருக்கிற மரம். மரத்தைக் காயவைக்காமல் போட்டவனைக் குப்பத்தில் சோம்பேறி என்று காறித் துப்புவார்கள். தேசப்பன் சோம்பேறி இல்லை.

இனாயத் உளியைக் கீழே வைத்தார். "யாருப்பா உன்ன அப்படி செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? மரம்னா காயணும்."

"கட்டுமரத்துல கயிறு கீது நைனா. காஞ்சா சுருங்கும், நனைஞ்சா உப்பும், நீ அவுத்து அவுத்துக் கட்டிக்கினே இருப்பே. இதுல ஆணி. பலக காயும்போது ஆணிய இந்தப் பக்கம் இழுக்கும். ஊறும்போது அந்தப் பக்கம் தள்ளும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தாங்கும். பதினேழு வருஷம்னா ஆணி ஓட்ட பெருசாவும், சட்டம் ஒடியும்..." அவர் கையை விரித்தார். "இத்த நெழல்ல வெச்சு, உள்ள ஈரக் கோணி போட்டு வெக்கணும். காயவே வுடக்கூடாது."

தேசப்பனுக்கு முதலில் புரியவில்லை. சிரித்தான். பிறகு சுரண்டிய சட்டங்களைப் பார்த்தான். அப்புறம் தன் கைகளைப் பார்த்தான். எனக்குத் தாங்கமுடியாத கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இந்தக் கிளப்பில் இங்கிலாந்தில் படகோட்டியவர்கள் இருபது பேர் இருந்தார்கள். சித்திரை வெயிலில் அவன் படகைப் புரட்டிப் போடுவதை நிழலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பார்த்தார்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் என்ன? அவனைப்போல் வேலைக்காரன் உண்டா என்று வீட்டில் போய் மெச்சியிருக்கிறேன்.

"சரிபண்ண முடியாதா?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆணியெல்லாம் புடுங்கணும். ஓட்டையெல்லாம் பெருசாயிடிச்சு, புது ஆணி நிக்காது. பலகைய மாத்தணும், சட்டத்த மாத்தணும். பேர் மட்டும் மிச்சம் இருக்கும்," என்றார் இனாயத். பிறகு தேசப்பனின் தோளில், அந்தக் கெட்டுப்போன தோளில், கை வைத்தார். "நான் துரை கையில படகுக்கு வயசாயிடிச்சுன்னு சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத. புது போட்டு வாங்கினா உன்னத்தான் வெப்பாங்க."

துரையின் முன்னால் மூவரும் நின்றோம். இனாயத் 'வயசு' என்றார். நான் அதை நல்ல இங்கிலீஷில் சொன்னேன். காலத்தால் வந்த தேய்மானம், யாருடைய தவறும் இல்லை என்று நாலு வார்த்தை கூடவே சேர்த்தேன். தேசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். துரை நல்ல மனுஷர்தான். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, இந்தக் காலத்தில் புதுப் படகுக்கு வழியில்லை, பாய்ப்படகை நிறுத்திவிடலாம், பாவம், தேசப்பனும் ரொம்ப நாள் உழைத்துவிட்டான், மாதக் கடைசியோடு அவனை விட்டுவிடலாம் என்றார். சொன்ன பொய் ஒன்றுக்கும் உதவவில்லை.

நோராவை உடைக்கச் சொன்னார்கள். வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல் தேசப்பனே உடைத்தான். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒரு பலகையை என்னிடம் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். ஆணி உருண்டை. ஓட்டை மட்டும் புளியங்கொட்டைபோல் நீண்டிருந்தது. அடுத்த ஓட்டையும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி.

"எல்லாம் என் கை பண்ண வேலை," என்றான்.

துரை தாமாகவே ஒரு சர்டிபிகேட் கொடுத்தார். நான்தான் டைப் அடித்தேன். 'தேசப்பன் என்னும் இவன் பதினேழு வருஷம் எங்கள் படகைத் தன் சொந்தக் குழந்தையைப்போல் பராமரித்தான். அதன் நீண்ட ஆயுளுக்கு இவனுடைய கவனிப்பே காரணம்.' கையெழுத்தான பிறகு அவனுக்குப் படித்துக் காட்டவேண்டியிருந்தது. நடுவில் ஆயுளைப் பற்றிய அந்த வரியை விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை, படித்துவிட்டேன். அவன் சலாம் வைத்து வாங்கிக்கொண்டு போனான்.

ஆனால் அந்தக் காகிதம் வீண் போகவில்லை. கோட்டூர் பக்கம் ஆற்றங்கரையில் பங்களா வைத்திருந்த ஒரு ஜமீன்தார் புதுப் பாய்ப்படகு கட்டியிருந்தார். துரை ஒரு வார்த்தை சொன்னார். ஆளைச் சர்டிபிகேட்டோடு அனுப்புங்கள், அன்றைக்கே வேலை என்று ஜமீன் மேனேஜர் எழுதினார். நான் தேசப்பனுக்குச் செய்தியைச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஆள் வரவே இல்லை என்று மறு கடிதம் வந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாந்தோம் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேரே பாலம் தாண்டிக் குப்பத்துக்குப் போனேன். வழியிலேயே கெங்கம்மா எதிரே வந்தாள். பதினேழு வருஷம் கழித்து மறுபடி கூடை. கழுத்துப் பழக்கம் விட்டுப்போனதால் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்தாள்.

"நீயாவது சொல்லு நைனா. நான் சொல்லி அலுத்துட்டேன். சோறு வெச்சா பாதிய அப்படியே வெச்சுட்டு எழுந்துடறாரு," என்றாள்.

தேசப்பன் குடிசை ஓரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். நான் உட்காரவில்லை.

"உனக்கு என்ன கேடு வந்துச்சு? தேடி வந்த வேலையை யாராவது ஒதச்சுத் தள்ளுவாங்களா? அந்த அம்மா கழுத்து ஒடியச் சுமக்கிறாளே, கண்ணுல படலையா?"

"படுது."

"அப்புறம்?"

"அது புது போட்டு ரைட்டரய்யா."

"புதுசா இருந்தா என்ன? அங்க பெரிய கொட்டகை இருக்கு. நிழல்ல வை, ஈரக் கோணி போடு. இனாயத் மேஸ்திரி சொன்னபடி செஞ்சுட்டுப் போ. இப்பத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே!"

அவன் வலை ஊசியைக் கீழே வைத்தான்.

"பதினேழு வருஷமும் எனக்குத் தெரியும்னுதானே நெனச்சுக்கினு இருந்தேன்? இப்ப தெரியும்னு நெனைக்கிறது மட்டும் நெசம்னு நீ எப்படி சொல்லுவ?"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவன் உள்ளே போய்ச் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து, மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்துவிட்டு வலைக்குத் திரும்பினான். மறுநாள் ஆபீசுக்குப் போய், ஆளுக்கு உடம்பு சரியில்லை, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜமீன் மேனேஜருக்கு எழுதிப் போட்டேன்.